எண்ணும் எண்ணமும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘எண்’ என்னும் தமிழ்ச்சொல் இரு பொருளைத் தன்னகத்தே கொண்டது. ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுவதும் எண்ணுதலே. ஒன்றனைக் குறித்து ஆழக் கருதுவதும் எண்ணுதலே. கணக்கையும் கருத்தையும் ஒரே வினையால் குறித்த மொழிக்குரிய மக்கள், எண்ணாமலே எண்ணும் வழக்கத்திற்கு இடந்தருதல் தகாது. ஆயினும் அவ்வழக்கம் ஊர்தோறும் உண்டு.

ஒருவன் ஒரு மருந்தை உண்டான், நோய் நீங்கிற்று, அம்மருந்தே நோயை நீக்கியது என்று பறைசாற்றுகின்றான். அம்மருந்தை உண்ணாமலேயே நோய் நீங்கப் பெற்றவர் எத்துணையர்? உண்டும் நீங்கப் பெறாதவர் எத்துணையர்? இவ்வினாக்களை அவனும் எழுப்புவதில்லை, கேட்போரும் எழுப்புவதில்லை. உழவன் ஒருவன் புதிய உரம் இட்டான்; விளைச்சல் கூடிற்று; உரத்தைப் புகழ்கின்றான். அவ்வாண்டு மழை எப்படிப் பெய்தது? உரமிடாத அடுத்த வயலில் விளைந்தது எவ்வளவு? இவற்றைக் கேளாதவரை அவன் புகழுரை வெற்றுரையே.

அறிவியல் துறைகள் பலவாயினும், அவை அனைத்திற்கும் பொதுவான கணக்கறம் ஒன்று உண்டு. ஓர் எண் தனித்து நின்று எதனையும் மெய்ப்பிப்பதில்லை. தனக்கு நிகரான மற்றோர் எண்ணோடு ஒப்பிடப்படும் பொழுதே அது பேசத் தொடங்குகின்றது. அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு தற்செயலால் நேர்ந்திருக்கக் கூடுமா என்று அளந்த பின்னரே அதன் பேச்சுச் சான்றாகின்றது. நோயாயினும் வயலாயினும் மண்ணுள் புதைந்த பழம்பொருளாயினும் இவ்வறம் ஒன்றே. இதனைத் துறைதோறும் வைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நீரும் நோயும்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் மாநகரைக் கக்கல்கழிச்சல் நோய் மீண்டும் மீண்டும் தாக்கிற்று. அழுகிய பொருள்களினின்று எழும் தீய காற்றே அந்நோய்க்குக் கரணியம் என்பது அந்நாளைய மருத்துவர் பெரும்பாலோர் கொள்கை. குடிநீரே கரணியம் என்றார் சான் சுனோ என்னும் மருத்துவர். இருசாராரும் சொல்லால் வழக்காடிக் கொண்டிருந்தால் இன்றும் வழக்குத் தீர்ந்திராது. சுனோ எண்ணினார்.

தென் இலண்டனில் இரண்டு குழும்புகள் வீடுகளுக்குக் குழாய்வழி நீர் வழங்கின. இலாம்பெத்துக் குழும்பு 1852-ஆம் ஆண்டில் தன் நீரெடுக்கும் இடத்தை, நகரக் கழிவு கலவாத மேலாற்றுப் பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்துவார்க்கு–வாக்சால் குழும்பு கழிவு கலந்த பகுதியிலேயே நீர் எடுத்து வந்தது. இரண்டின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. ஒரு வீட்டிற்கு ஒன்றும் அடுத்த வீட்டிற்கு மற்றொன்றுமாக நீர் சென்றது. செல்வரும் ஏழையரும் இருபுறத்தும் இருந்தனர். அனைவரும் மூச்சிழுத்த காற்றும் ஒன்றே. வேறுபட்டது நீர் மட்டுமே.

1854-ஆம் ஆண்டு நோய் வந்த பொழுது, இறந்தவர் வீட்டிற்கு எக்குழும்பின் நீர் வந்தது என்று வீடுவீடாகச் சென்று கேட்டறிந்தார் சுனோ. கணக்கு இதுவாக முடிந்தது: சவுத்துவார்க்கு–வாக்சால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் இறப்பு 1,263, இலாம்பெத்து நீர் பெற்ற 26,107 வீடுகளில் இறப்பு 98. பதினாயிரம் வீட்டிற்கு எனக் கணித்தால் முன்னதில் 315, பின்னதில் 37. எட்டு மடங்கிற்கும் மிகுதி!

1,263 என்னும் எண் மட்டும் கிடைத்திருந்தால் அதனால் என்ன அறிய இயலும்? நோய் கொடியது என்பதை அறியலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. 98 என்னும் எண் அருகில் வந்து நின்ற பின்னரே, முதலெண் குற்றவாளியைச் சுட்டிக் காட்டிற்று. அந்நோய்க்குரிய நுண்ணுயிரைச் செருமானிய அறிஞர் இராபர்ட்டு கோக்கு உலகறியக் காட்டியதோ அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1883–84-ஆம் ஆண்டுகளில். நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியுமுன்பே அதன் வழியைக் கணக்குக் கண்டுவிட்டது.

குடவோலையும் வயலும்

சுனோவிற்கு நிகரான இரு பகுதிகள் தாமே வாய்த்தன. அவ்வாறு வாயாத இடத்தில் ஆய்வாளன் என்செய்வான்? இவ்வினாவிற்கு விடை மருத்துவமனையில் பிறக்கவில்லை, வயலில் பிறந்தது.

இங்கிலாந்தில் உரோத்தாம்சுடெட்டு என்னும் ஊரில் 1843-ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆய்வு நடந்து வந்தது. எவ்வுரம் நல்லது, எவ்விதை சிறந்தது என்று ஆண்டுதோறும் எடுத்த அளவுகள் ஏடேடாகக் குவிந்து கிடந்தன. அவற்றை ஆராய 1919-ஆம் ஆண்டில் அமர்த்தப் பெற்றவர் உரொனால்டு பிசர் என்னும் கணக்கியல் அறிஞர். அவர் கண்ட இடர்ப்பாடு உழவர் அனைவரும் அறிந்ததே. ஒரே வயலிலும் மேட்டுப் பகுதி ஒருவகை. பள்ளப் பகுதி ஒருவகை. நல்ல மண்ணில் ஒரு விதையையும் வறண்ட மண்ணில் மற்றொரு விதையையும் விதைத்துவிட்டு விளைச்சலை ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது விதையா மண்ணா?

பிசர் வகுத்த தீர்வு மிக எளியது. வயலைச் சிறுசிறு பாத்திகளாகப் பகுத்திடுக. எப்பாத்திக்கு எவ்விதை என்பதை ஆய்வாளன் தன் விருப்பப்படி முடிவு செய்யாது, குலுக்கலுக்கு விட்டுவிடுக. அப்பொழுது மண்ணின் நன்மையும் தீமையும் இருபாலும் ஓரவஞ்சனையின்றிப் பரவும். அறியப்பட்ட வேறுபாடு மட்டுமன்றி, ஆய்வாளன் அறியாத வேறுபாடும் இருபாலும் நிரவப்படும்.

தமிழ்ப் பெருமக்களே! இக்கருத்தின் உட்கிடை தமிழர்க்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வேண்டியவர், வேண்டாதவர் என்னும் விருப்பு வெறுப்பு உட்புகாவண்ணம் காப்பதே அதன் நோக்கம். குலுக்கலைக் கொண்டு தற்செயலை அளக்கும் கணக்கு அன்று எழவில்லை; ஆகவே பிசரின் முறையைச் சோழர் கண்டனர் என்று கூறுதல் பொய்யாகும். ஆயினும், தேர்ந்தெடுக்கும் கை நடுநிலை பிறழும், ஆதலால் அக்கையைக் கட்டிவிடுக என்னும் அறவுணர்வு இரண்டிற்கும் பொது.

தற்செயலை அளப்பது எவ்வாறு என்பதற்குப் பிசர் 1935-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஓர் எளிய எடுத்துக்காட்டுத் தந்தார். தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, பின்னர் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்ல இயலும் என்றார் ஓர் அம்மையார். எட்டுக் குவளைகள், நான்கில் பால் முன், நான்கில் பால் பின். குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தி அவரிடம் தரப்படுகின்றன. எட்டில் நான்கைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 70. ஆகவே, வெறுங் குருட்டடியாக நான்கையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-இல் ஒன்று. அவர் நான்கையும் சரியாகச் சொன்னால் அவர் கூற்றுக்கு மதிப்புண்டு. மூன்றை மட்டும் சரியாகச் சொன்னாலோ? மூன்றோ அதற்கு மேலோ குருட்டடியாகச் சரியாக அமையும் வழிகள் 17. ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு. அதனைத் திறமை என்று ஏற்பதற்கில்லை. வியப்பிற்கும் ஓர் அளவுகோல் உண்டு என்பதை இச்சிறு கணக்கு உணர்த்துகின்றது.

ஒரு சோறு பதமா?

பகுத்து ஒப்பிடுவதில் எவ்வளவு விழிப்பு வேண்டுமோ, அவ்வளவு விழிப்பு, பலவற்றுள் சிலவற்றை எடுத்துப் பார்த்து முழுமையை அறிவதிலும் வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. அடுப்பில் சோறாக்கும் தாய், கரண்டியால் கிளறிவிட்டு, அதன் பின்னரே ஒரு சோற்றை எடுத்து நசுக்குகின்றாள். கிளறாத பானையின் மேற்சோறு வேகாதிருக்க, அடிச்சோறு குழைந்திருக்கக் கூடும். பதம் பார்த்தலின் உயிர் கிளறுதலில் இருக்கின்றது.

இதனை மறந்தவர் பட்ட பாட்டிற்கு அமெரிக்காவில் ஒரு சான்றுண்டு. 1936-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வெல்பவர் யார் என்று அறிய, ‘இலிட்டரரி டைசெசுட்டு’ என்னும் இதழ் ஒரு கோடிப் பேருக்கு வினாத்தாள் விடுத்தது. இருபது இலக்கத்திற்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். இலாண்டன் என்பார் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வென்றவரோ உரூசுவெல்ட்டு, இலாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். தொலைப்பேசி வைத்திருந்தோர், உந்துவண்டி வைத்திருந்தோர் ஆகியோர் பட்டியல்களினின்று பெருமளவு பெயர்களைத் திரட்டியமையும், விடை எழுத முனைந்தோர் ஒருசாராராகவே இருந்தமையும் பிழைக்குக் கரணியங்கள். ஏழையர் அப்பானையின் அடியில் கிடந்தனர். இதழோ மேற்சோற்றை அள்ளி அள்ளிப் பார்த்தது. எண் பெரிதாக இருப்பது வேறு. எண் நேர்மையாக இருப்பது வேறு.

சென்னையில் நடந்த ஆய்வு

வயலில் பிறந்த குலுக்கல் முறை, மருத்துவத்துள் ஆற்றலுடன் நுழைந்தது என்புருக்கி நோயைப் பற்றிய ஆய்வின் வழியாக. காசநோய் என்று மக்கள் வழங்குவது அதுவே. இசுட்ரெப்டோமைசின் என்னும் மருந்து புதிதாகக் கண்டறியப்பட்ட காலம். இங்கிலாந்தில் அனைவர்க்கும் தரப் போதுமான மருந்து இல்லை. கணக்கியல் அறிஞர் பிராடுபோர்டு கில் வகுத்த திட்டப்படி 107 நோயாளர், குலுக்கல் எண்களைக் கொண்டு இருபாலாகப் பகுக்கப்பட்டனர். மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றோர் 55 பேர். ஓய்வு மட்டும் பெற்றோர் 52 பேர். ஆறு திங்கள் முடிவில் முன்னவருள் இறந்தோர் 4; பின்னவருள் 14. இத்துணை வேறுபாடு தற்செயலால் நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிற்கும் குறைவு. 1948-இல் இம்முடிவு வெளியாயிற்று. தொடர்ந்து எண்ணியவர்கள் மற்றொன்றையும் கண்டனர்: ஒரு மருந்தை மட்டும் தந்தால் நோய்க்கிருமி அதனைத் தாங்கப் பழகிவிடுகின்றது. மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை அதனால் எழுந்தது.

அடுத்த வினா தமிழ் மண்ணில் விடை கண்டது. 1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் என்புருக்கி மருத்துவ ஆய்வு நடுவம் தொடங்கப் பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், இங்கிலாந்து மருத்துவ ஆய்வு மன்றம் ஆகியன அதில் கைகோத்தன. அந்நாளில் என்புருக்கி நோயாளர் நலமனையில் திங்கட்கணக்கில் கிடந்து, நல்லுணவும் ஓய்வும் தூய காற்றும் பெற்றால்தான் பிழைப்பர் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. இந்நாட்டு நோயாளர் தொகைக்கு நலமனைப் படுக்கைகளோ ஒரு மூலைக்கும் போதா. வீட்டிலிருந்தே மருந்துண்டால் நோய் தீருமா? தீராதெனில் ஏழையர்க்குச் சாவே வழி. வினா அத்துணைக் கொடியது.

இருநூற்றுக்கும் சற்றுக் குறைவான சென்னை ஏழை நோயாளர் குலுக்கல் முறையில் பகுக்கப்பட்டனர். ஒருபாலார் நலமனைக்குச் சென்றனர். மறுபாலார் நெருக்கடி மிக்க தம் சிறுகுடில்களிலேயே இருந்தனர். இருபாலார்க்கும் ஒரே வகை மருந்துகள், ஓராண்டுக் காலம். நலமனையில் உணவு மிக நன்று, ஓய்வும் மிகுதி. வீட்டிலோ உணவும் குறைவு, உழைப்பும் ஓயவில்லை. 1959-இல் வெளியான முடிவு உலகை வியப்பில் ஆழ்த்திற்று. ஓராண்டு முடிவில் நோய் தணிந்தோர் நலமனையில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. ஒவ்வொரு பாலிலும் நூற்றுக்கும் குறைவானோரே இருந்த ஆய்வில் இவ்வளவு வேறுபாடு தற்செயலாலும் நேரக்கூடியதே. நோயைத் தணித்தது மருந்து, கட்டடமன்று.

வீட்டிலிருக்கும் நோயாளரால் குடும்பத்தார்க்கு நோய் பரவாதா என்னும் அச்சம் எஞ்சிற்று. அதனையும் ஐந்தாண்டுக் காலம் எண்ணிப் பார்த்தனர். நலமனைக்குச் சென்றவர் குடும்பங்களைவிட வீட்டிலிருந்தவர் குடும்பங்களில் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. இந்தியாவில் 1962-இல் தொடங்கிய என்புருக்கித் தடுப்புத் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. பிறநாடுகளும் அவ்வழியே சென்றன. சென்னைக் குடிசைவாழ் மக்களின் உடலும் பொறுமையும் உலகிற்கு அளித்த கொடை இது.

செங்கற்பட்டு தந்த விடை

விரும்பிய விடை வந்த கதை அது. விரும்பாத விடை வந்த கதையும் தமிழ் மண்ணிலேயே உண்டு.

கால்மெத்து, கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் உருவாக்கிய என்புருக்கித் தடுப்பூசி, 1921 முதல் மாந்தர்க்கு இடப்பட்டு வருகின்றது. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் அது முக்கால் பங்கிற்கும் மேற்பட்ட காப்பளித்தது. வேறு சில நாட்டு ஆய்வுகளில் காப்பு மிகக் குறைந்தே காணப்பட்டது. ஐயந்தீர்க்க, 1968-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு பேராய்வு தொடங்கிற்று. ஏறத்தாழ 2 இலக்கத்து 60 ஆயிரம் பேர் அதில் இடம்பெற்றனர். சிலர்க்கு உண்மைத் தடுப்பூசி. சிலர்க்கு மருந்தற்ற வெற்றூசி. எவர்க்கு எது என்பதை இட்டுக்கொண்டவரும் அறியார், இட்டவரும் அறியார், குலுக்கலே அறியும்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979–80-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. பெரியவர்களின் நுரையீரல் என்புருக்கியைத் தடுக்கும் ஆற்றல் அத்தடுப்பூசிக்கு அங்கே காணப்படவில்லை! பதினைந்தாண்டு தொடர்ந்து எண்ணிய கணக்கும் பெரியவர்களைப் பொறுத்தமட்டில் அதனையே உறுதி செய்தது. நாடெங்கும் ஊசியிட்டு வந்தவர்களுக்கு இது பேரிடி. ஆயினும் எண்ணை மறைத்தாரில்லை, மாற்றினாரில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு நுண்ணுயிர்களின் தொடர்பு, வெப்ப நாட்டு மக்களிடம் ஊசியின் ஆற்றலை மறைக்கின்றது என்று அறிஞர் பலர் கருதினர். குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய என்புருக்கியினின்று அத்தடுப்பூசி காப்பளிப்பதனால், பிறந்த குழந்தைக்கு இடும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது. எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்று எல்லை வகுத்துத் தந்தது கணக்கே.

விருப்பும் சான்றும்

விரும்பாத எண்ணை ஏற்பது எத்துணை அரிது என்பதற்குப் பிசரே சான்றாகி நின்றது வருந்தத்தக்கது. இரிச்சர்டு டாலும் பிராடுபோர்டு கில்லும் 1950-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோயுற்ற ஆடவர் 649 பேருள் புகைபிடியாதோர் இருவரே. ஒப்பீட்டிற்கு எடுத்த வேறு நோயாளர் 649 பேருள் புகைபிடியாதோர் 27 பேர். பின்னர் வந்த ஆய்வுகளும் புகைக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பை வலுப்படுத்தின. பிசரோ அதனை ஏற்க மறுத்தார். மக்களைக் குலுக்கிப் பகுத்துப் புகைபிடிக்கச் செய்த ஆய்வன்று இது. புகைக்கத் தூண்டும் பிறவிக்கூறே புற்றையும் தரக்கூடும் என்று வழக்காடினார். அவர் தாமும் புகைக்குழாய் பிடிப்பவர். புகையிலை வணிகர்க்கு அறிவுரைஞராகவும் இருந்தார். முறையை வகுத்த பேரறிஞரும் தம் விருப்பின் முன் சறுக்கினார் எனில், எளியோர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

கீழடியும் ‘ஏறக்குறைய’வும்

இவ்விழிப்பு தமிழர்தம் தொன்மை பற்றிய ஆய்விற்கும் வேண்டும். புதைபொருளின் காலத்தைக் கரிமத்தைக் கொண்டு அளக்கும் முறையை அமெரிக்க அறிஞர் இலிபி 1949-இல் நிறுவினார். உயிர் நீங்கிய பொருளிலுள்ள ஒருவகைக் கரிம அணுக்கள் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகச் சிதைகின்றன. எவ்வணு எப்பொழுது சிதையும் என்று எவரும் சொல்ல இயலாது, அது தற்செயல். பல கோடி அணுக்கள் சேர்ந்து எவ்வளவு சிதையும் என்பதைக் கணக்குச் சொல்லும். ஆகவே கரிம அளவீடு தரும் காலம் ஒரு புள்ளியன்று, ஓர் இடைவெளி. ‘ஏறக்குறைய’ என்று நாள்தோறும் வழங்கும் சொல்லைப் பிரித்துப் பார்மின்! ஏற, குறைய. அறிவியலார் எண்ணின் அருகில் இடும் கூட்டல்கழித்தற் குறி அதுவேதான், வேறன்று. அவர்கள் அதனையும் அளந்து சொல்கின்றனர், அவ்வளவே வேறுபாடு.

தமிழ்நாட்டரசுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, கீழடியின் நகர வாழ்வைக் கரிம அளவீட்டைக் கொண்டு கி.மு. 6-ஆம் நூற்றாண்டிற்குக் கொண்டு சென்றது. தமிழுள்ளங்கள் மகிழ்ந்தன, மகிழ்தல் முறையே. ஆயின் ஒன்றனை அறிந்து மகிழ்தல் வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில், கரிம அளவை ஆண்டாக மாற்றும் வளைவரை ஏறாமலும் இறங்காமலும் படுத்துக் கிடக்கின்றது. ஆதலால், ஆய்வகத்தில் முப்பது ஆண்டுப் பிழையெல்லையே உடைய ஓர் அளவும், நாட்காட்டி ஆண்டாக மாறுங்கால் முந்நூறு ஆண்டு இடைவெளியாக விரியக்கூடும். அவ்விடைவெளியின் மேலெல்லையை மட்டும் எடுத்துக் கொண்டு ஆர்ப்பரிப்பவனும் பிழை செய்கின்றான். கீழெல்லையை மட்டும் எடுத்துக் கொண்டு இகழ்பவனும் பிழை செய்கின்றான்.

தீர்வும் கணக்கிலேயே உண்டு. பல அடுக்குகளில் பல பொருள்களை அளத்தல் வேண்டும். கீழடுக்கு மேலடுக்கிற்கு மூத்தது என்னும் முன்னறிவைச் சேர்த்துக் கணித்தால் இடைவெளி சுருங்கும். முன்னறிவைப் புதிய சான்றால் திருத்தும் இக்கணக்கின் வித்து, தாமசு பேயிசு என்னும் இங்கிலாந்துச் சமயக் குரவரின் கட்டுரையில் உள்ளது. அவர் மறைந்த பின், 1763-இல் அது வெளியாயிற்று. ஓர் அளவைச் சுற்றிக் கூத்தாடுவதைவிட, நூறு அளவுகளைப் பொறுமையாக எடுத்து அடுக்குவதே தமிழின் தொன்மைக்குச் செய்யும் உண்மைத் தொண்டு. அவ்வாறு நிறுவப்படும் தொன்மையை எப்பகைவனாலும் அசைத்தல் இயலாது. அளவின்றிப் பேசப்படும் தொன்மையையோ ஒரு சிறுவனும் தட்டிக் கேட்பான்.

தமிழிளைஞர்களே! எண்ணை அஞ்சி ஒதுங்காதீர்! நாளிதழில் ஒரு விழுக்காடு கண்டால், எத்துணைப் பேருள் என்று கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டனர் என்று கேளுங்கள். எவ்வாறு தேர்ந்தெடுத்தனர் என்று கேளுங்கள். தற்செயலால் நேர்ந்திருக்குமா என்று கேளுங்கள். இந்நான்கு வினாக்களுக்கும் வேற்றுமொழி வேண்டுவதில்லை, தமிழே போதும். பிறர் கூற்றின்மேல் இவ்வினாக்களை எறிவது எளிது. தமக்கு இனிய கூற்றின்மேலும் இவற்றை எறிபவனே அறிவுடையோன். எண்ணி எண்ணுக, நிகர்நிறுத்தி எண்ணுக, வந்த விடை கசப்பினும் ஏற்று எண்ணுக. அங்ஙனம் எண்ணும் இனமே உலகோரால் எண்ணப்படும்.